தலைப்பு மதகும் பில்ட் ஃபோல்டரும்

மன்னார்குடியில் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு சின்ன மென்பொருள் எழுதினோம். நெல்லின் ஈரப்பதத்தையும் எடையையும் கொடுத்தால் கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொள்வார்களா, எவ்வளவு பணம் வரும் என்று சொல்லிவிடும். கைபேசிக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று, சீட்டு அச்சடிக்க ஒன்று என்று மூன்று புராஜெக்ட். கணக்குப் போடும் பகுதி மூன்றுக்கும் பொது என்பதால் அந்த ஃபோல்டரை அப்படியே மூன்றிலும் காப்பி எடுத்து ஒட்டினோம். 2022 அக்டோபரில் ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 19க்குத் தளர்த்தினார்கள். நான் கைபேசிக்கானதை மட்டும் திருத்திவிட்டு மற்ற இரண்டையும் மறந்தே போனேன். ஒரே நெல்லுக்குக் கைபேசி 'எடுப்பார்கள்' என்றது, அச்சுச் சீட்டு 'ஈரம் அதிகம், காயவைக்கவும்' என்றது.

சரி, எப்படி அடுக்கியிருக்க வேண்டும்? ஒரு தாய் ஃபோல்டர். அதற்குள் 'லிப்ஸ்' என்று ஒன்று, 'ஆப்ஸ்' என்று ஒன்று. கணக்குப் பகுதி லிப்ஸில் ஒரே ஒரு பிரதியாக இருக்கும். மூன்று புராஜெக்டும் ஆப்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவதைப் போலத்தான். கடைமடை வயலிலிருந்து தலைப்பு மதகுக்குத் தண்ணீர் ஏறாது. ஆப்ஸ் லிப்ஸைக் கேட்கலாம், லிப்ஸ் ஒருநாளும் ஆப்ஸைக் கேட்கக் கூடாது.

இதையும் நான் மீறிப் பார்த்திருக்கிறேன். தொகையைச் சீட்டின் அகலத்துக்குள் அடக்குவதற்காக, காகித அளவை அச்சு புராஜெக்டிலிருந்து எடுக்கும்படி கணக்குப் பகுதியில் எழுதினேன். எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றுவதைத்தான் கட்டுவது, அதாவது பில்ட், என்கிறோம். இப்போது அச்சைக் கட்ட கணக்கு வேண்டும், கணக்கைக் கட்ட அச்சு வேண்டும். எதை முதலில் கட்டுவது? அந்த வேலையைச் செய்யும் பில்ட் கருவி 'சுழற்சி' என்று பிழை காட்டி நின்றுவிட்டது. அகலம் அச்சின் கவலை, அது அங்கேயே இருக்கட்டும் என்று அந்த வரிகளை அச்சு புராஜெக்டுக்கே நகர்த்தினேன்.

கருவிக்கு வரிசை எப்படித் தெரிகிறது? யாரையும் நம்பியிராத பகுதியை முதலில் கட்டும், பிறகு அதை மட்டும் நம்பியவற்றை, அப்புறம் அடுத்த அடுக்கை. ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தாலும் தண்ணீர் கல்லணைக்கு வந்த பிறகுதானே கிளைகளுக்குப் போகும்? ஒன்றையொன்று சாராத கிளைகளை ஒரே நேரத்தில் கட்டவும் செய்யும்.

இந்த வகைக் கருவிகளில் மூத்தது 'மேக்'. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப்பொழுது முழுக்கச் சரியான நிரலில் பிழை தேடிவிட்டு எரிச்சலோடு அவர் அறைக்குள் நுழைந்தாராம். பிழையை ஏற்கெனவே திருத்தியாயிற்று, திருத்திய ஃபைலைக் கம்பைல் செய்யத்தான், அதாவது இயந்திர மொழிக்கு மாற்றத்தான், விட்டுப்போயிருந்தது. மேக் நேரத்தைப் பார்க்கும்: மூல ஃபைல் விளைந்த ஃபைலைவிடப் புதியதென்றால் மறுபடி கட்டும், இல்லையென்றால் தொடாது. பேஸல் போன்ற பின்னாள் கருவிகள் நேரத்தை விட்டுவிட்டு உள்ளடக்கமே மாறியதா என்று பார்க்கின்றன.

எதை எதிலிருந்து கட்டுவது என்று சொல்லும் மேக் ஃபைலை ஒவ்வொரு ஃபோல்டரிலும் தனியாக வைத்து, மேலே இருப்பது கீழே இருப்பதைக் கூப்பிடும் பழக்கம் நெடுநாள் இருந்தது. 1990களின் பிற்பகுதியில் பீட்டர் மில்லர் என்ற நிரலாளர் ஒரு கட்டுரையில் இதை வெளுத்து வாங்கினார். ஒவ்வொரு மதகுக்காரருக்கும் தன் ஷட்டர் மட்டுமே தெரிந்தால் முழு ஆற்றையும் யார் பார்ப்பது? வரிசை தவறும், சிலர் எதற்கும் இருக்கட்டும் என்று பில்டை இரண்டு முறை ஓட்டுவார்கள். கிரேடில், மேவன் போன்ற பின்னாள் பில்ட் கருவிகள் முதலில் எல்லா புராஜெக்டின் விவரத்தையும் படித்து ஒரே வரைபடமாக்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகின்றன. விவரம் ஃபோல்டருக்கு ஃபோல்டர் சிதறிக் கிடந்தாலும் பரவாயில்லை, வரைபடம் ஒன்றாக இருந்தால் போதும்.

இன்னொன்று, விளைவதை எழுதியதோடு கலக்காதீர்கள். மேவன் 'டார்கெட்' ஃபோல்டரிலும் கிரேடில் 'பில்ட்' ஃபோல்டரிலும் தனியாகக் கொட்டுவது இதற்காகத்தான். டெல்டாவில் ஒரே வாய்க்கால் மேலே உள்ளவருக்கு வடிகாலாகவும் கீழே உள்ளவருக்குப் பாசனமாகவும் இருப்பது உண்டு. ஐப்பசி மழையில் அந்தக் கரையில் நின்றவர்களுக்கு, இரண்டும் கலந்தால் என்ன ஆகும் என்று மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. விளைந்த ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி கட்டிப் பாருங்கள். கட்ட முடியாவிட்டால், நீங்கள் கையால் எழுதிய ஏதோ ஒன்று அதற்குள் இருந்திருக்கிறது. ஆகவே முதலில் ஒரு நகல் எடுத்துவிட்டு அழியுங்கள்.

எங்களுடையதை இப்படி மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. மூன்று பழைய நகல்களையும் அழித்தோம். மாலையில் எதேச்சையாகத் தேடியபோது சோதனை ஃபோல்டருக்குள் நான்காவதாக ஒரு நகல் கிடைத்தது. அதில் வரம்பு இன்னும் 17. அத்தனை நாளும் எங்கள் சோதனைகள் எல்லாம் பாஸ் ஆனது அதை வைத்துத்தான்.