சொட்டு மருந்துக்கு அடங்காத கண்ணீர்

ஒரு கண்ணில் மட்டும் ஓயாமல் நீர் வடிகிறது. காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறது. சொட்டு மருந்து விட்டால் நான்கு நாள் சரியாக இருக்கிறது, நிறுத்தினால் பழைய கதைதான். மாதக்கணக்கில் இப்படி இழுத்தால், கோளாறு கண்ணீர் வடியும் பாதையில் இருக்கலாம்.

கண்ணாடி முன் நின்று, கீழிமையின் மூக்கோர முனையை லேசாக இழுத்துப் பாருங்கள். விளிம்பில் ஊசி குத்தியதுபோல ஒரு துளை தெரியும். மேலிமையிலும் ஒன்று உண்டு. கண்ணீர் அவற்றில் இறங்கி, மெல்லிய குழல்கள் வழியாகக் கண்ணீர்ப் பைக்குப் போய், அங்கிருந்து ஒரு நாளம் வழியாக மூக்குக்குள் வடிகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான்.

இந்த நாளம் அடைபட்டால் பையில் நீர் தேங்கும். தேங்கிய நீரில் கிருமி பெருகும். நடுவயதைத் தாண்டிய பெண்களிடம் இது அதிகம். சொட்டு மருந்து கிருமியைக் கொஞ்சம் அடக்கும், அடைப்பைத் திறக்காது. அதனால்தான் பாட்டில் மாற்றி பாட்டில் வாங்கியும் குணமாவதில்லை.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. மருத்துவர் கண்ணின் உள்மூலைக்குக் கீழே விரலால் அழுத்துவார். துளை வழியாகச் சளியோ சீழோ பிதுங்கி வந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. அப்புறம் முனை மழுங்கிய ஊசியைத் துளையில் நுழைத்து உப்பு நீரைச் செலுத்துவார். பாதை திறந்திருந்தால் தொண்டையில் உப்புக் கரிக்கும். கீழ்த்துளையில் விட்ட நீர் மேல்துளை வழியாகச் சீழோடு திரும்பினால், அடைப்பு பைக்குக் கீழே. கண்புரை அறுவைக்கு முன்னால் இந்தப் பாதையைச் சோதிப்பதும் வீண் வேலை இல்லை. பையில் உள்ள கிருமி கண்ணுக்குள் புகுந்தால் பார்வையே போகலாம்.

சில சமயம் பை நன்றாக இருக்கும், சிறு குழலில்தான் தொற்று. துளை வீங்கி, அழுத்தினால் மஞ்சள் குருணைகள் வரும். ஆக்டினோமைசிஸ் என்ற பாக்டீரியா இதற்கு அடிக்கடி காரணம். சாதாரணக் கண் அழற்சி என்றே பல மாதம் வைத்தியம் நடந்திருக்கும். குருணைகளைச் சுரண்டி எடுத்தால்தான் தீரும்.

பைத் தொற்றுக்கு நிரந்தரத் தீர்வு டி.சி.ஆர். அறுவை. அடைபட்ட நாளத்தோடு மல்லுக்கட்டாமல், பைக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள எலும்பில் துளையிட்டு நேர்வழி போடுகிறார்கள். இத்தாலியரான டோட்டி 1904-இல் தோல் வழியாகச் செய்யும் முறையை விவரித்தார். இப்போது மூக்கு வழியே எண்டோஸ்கோப் விட்டு, முகத்தில் தழும்பில்லாமலும் செய்கிறார்கள். ஆனால் பை திடீரெனச் சிவந்து வீங்கி, தொட்டாலே வலித்தால் முதலில் ஆன்டிபயாடிக்தான். அப்போது ஊசி விட்டுச் சோதிக்கக் கூடாது.

அறுவைக்குப் பிறகு முதல் சில நாட்கள் மூக்கைச் சிந்தக் கூடாது. ஆறிய பிறகு சிந்தும்போது சிலருக்குக் கண்ணோரத்தில் காற்று வரும். பயப்பட ஒன்றுமில்லை, புது வழி திறந்திருக்கிறது.