ஏபிஎஸ்: மதிப்பெண்ணா, புள்ளியா?

ஜனவரியில் மெட்ரிக் முடிவு வந்ததும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ் வீடுகளில் முதல் கேள்வி, “எத்தனை பாயிண்ட்?” தமிழ்நாட்டு உறவினரோ போனில் “கட்-ஆஃப் எவ்வளவு?” என்பார். இரண்டும் வேறு. அங்கே பொறியியல் கட்-ஆஃப் என்பது கணிதத்தை முழுதாகவும் இயற்பியல், வேதியியலைப் பாதிப் பாதியாகவும் கூட்டி 200-க்குப் போடும் கணக்கு. இங்கே பேசப்படுவது ஏபிஎஸ், அதாவது அட்மிஷன் பாயிண்ட் ஸ்கோர்; பல்கலைக்கழகச் சேர்க்கைக்காகப் பாட மதிப்பெண்களிலிருந்து போடும் புள்ளிக் கணக்கு.

மெட்ரிக் என்ற சொல்லே ஊருக்கு ஊர் மாறும். லத்தீனில் ‘மாத்ரிகுலா’ என்றால் பெயர்ப் பதிவேடு. பல்கலைக்கழக ஏட்டில் பெயர் ஏறுவதுதான் மெட்ரிகுலேஷன். தமிழ்நாட்டில் அது பத்தாம் வகுப்போடும் ஒருவகைப் பள்ளிகளோடும் ஒட்டிக்கொண்டது. தென்னாப்பிரிக்காவில் 12ஆம் வகுப்பு இறுதித் தேர்வு. 2008 முதல் சான்றிதழின் பெயர் நேஷனல் சீனியர் சர்டிஃபிகேட்; வாய்ப்பேச்சில் இன்னும் மெட்ரிக்தான்.

ஏபிஎஸ்ஸில் மதிப்பெண் அப்படியே போகாது, முதலில் நிலையாக மாறும். 80-உம் அதற்கு மேலும் 7ஆம் நிலை, 70 முதல் 79 வரை 6, 60களுக்கு 5, 50களுக்கு 4, 40களுக்கு 3, 30களுக்கு 2, அதற்கும் கீழே 1. நிலை எண்ணே புள்ளி. ஆறு பாடங்களைக் கூட்டினால் உச்சம் 42. லைஃப் ஓரியன்டேஷன் என்னும் வாழ்க்கைத் திறன் பாடம் கட்டாயம், ஆனால் பிரிட்டோரியா போன்ற பல்கலைக்கழகங்களில் கணக்கில் சேராது.

ஒரு பிள்ளையின் தாளைப் பார்ப்போம். ஆங்கிலம் 72, கணிதம் 69, இயற்பியல் அறிவியல் 64, உயிரியல் 81, ஆஃப்ரிகான்ஸ் 58, புவியியல் 79. புள்ளிகள் 6, 5, 5, 7, 4, 6, மொத்தம் 33. கணிதத்திலும் புவியியலிலும் ஒவ்வொரு மதிப்பெண் கூடியிருந்தால் 35! ஆனால் உயிரியலில் 81 எடுத்தவருக்கு 95 எடுத்தாலும் அதே 7தான். அநியாயமாகத்தான் தெரிகிறது, என்ன செய்ய. கேப்டவுன் பல்கலைக்கழகம் பொதுவாக ஆறு பாடச் சதவீதங்களையே கூட்டி 600-க்குப் பார்க்கும்; அங்கே இதே தாள் 423, அந்த இரண்டு மதிப்பெண் கூடினால் 425, அவ்வளவே. ஜோகன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தில் 90-உம் அதற்கு மேலும் 8 புள்ளி. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் 60 தொட்டால் கூடுதலாக இரண்டிரண்டு. ஆகவே “என் மகனுக்கு 33” என்றால் எந்தப் பல்கலைக்கழகத்துக் கணக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சேர்க்கை மதிப்பெண்’ என்றால் குழப்பம்தான். 79 மதிப்பெண், அதிலிருந்து வரும் 6 வேறு. ‘சேர்க்கைப் புள்ளி’ என்பதே பொருத்தம். பாயிண்டின் மூலமான லத்தீன் ‘புங்க்டும்’ குத்தியதால் விழும் பொட்டு. நம் புள்ளியும் பொட்டுதான், மெய்யெழுத்துக்கு அதைத் தொல்காப்பியமே சொல்கிறது. இரு மொழியிலும் பொட்டு எண்ணிக்கையாக வளர்ந்திருக்கிறது. ஸ்கோர் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. எண்ணிக்கைக்காகக் கம்பில் போட்ட வெட்டு. அதற்குத் தனிச்சொல் தேவையில்லை, ‘சேர்க்கைப் புள்ளி’க்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு படிப்புக்குக் கேட்கும் குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு இலங்கைத் தமிழரின் ‘வெட்டுப்புள்ளி’ இருக்கிறது, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், புள்ளி எவ்வளவு சேர்ந்தாலும் பட்டப்படிப்புக்குச் சான்றிதழில் ‘பேச்சிலர்’ தேர்ச்சி வேண்டும். லைஃப் ஓரியன்டேஷன் நீங்கலாக நான்கு பாடங்களிலாவது 50 எடுத்திருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. என்பிடி (நேஷனல் பெஞ்ச்மார்க் டெஸ்ட்) என்னும் தனித்தேர்வு பொதுவாக ஏபிஎஸ் கணக்கில் சேராது. மருத்துவம் போன்ற சில படிப்புகளுக்கு மட்டும் அதைத் தனியே கேட்பார்கள்.