கர்ப்பிணிக்கு எதற்கு சிபிலிஸ் டெஸ்ட்?

கர்ப்ப காலத்து முதல் ரத்தப் பரிசோதனையில், உடலுறவில் தொற்றும் பால்வினை நோயான சிபிலிஸும் பார்ப்பார்கள் என்று சொன்னால், ‘என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது?’ என்று கோபப்படுபவர்கள் உண்டு. சந்தேகப்பட்டு எடுக்கிற டெஸ்ட் இல்லை இது. சிபிலிஸில் முதலில் வரும் புண் வலிக்காது, தானாகவே ஆறிவிடும், அப்புறம் வருஷக்கணக்கில் கிருமி சத்தமே காட்டாமல் உடம்புக்குள் கிடக்கும், ஆளைப் பார்த்தோ கேள்வி கேட்டோ யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் எல்லோருக்கும் எடுக்கிறார்கள்.

கிளமிடியா, வெட்டை நோய் போன்றவை பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான் குழந்தையின் கண்ணைத் தொற்றும். சிபிலிஸ் கிருமி அதுவரை காத்திருக்காது. நஞ்சுக்கொடியைத் தாண்டி வயிற்றுக்குள்ளேயே குழந்தையைப் பிடித்துவிடும். சிகிச்சை இல்லாவிட்டால் பாதிக்கும் மேற்பட்ட கர்ப்பங்கள் கருச்சிதைவிலோ, குழந்தை இறந்து பிறப்பதிலோ, குறைப்பிரசவத்திலோ, நோயோடு பிறக்கும் குழந்தையிலோ போய் முடியலாம்.

டெஸ்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சிபிலிஸுக்கு வழக்கமாக எடுக்கும் ரத்த டெஸ்டுகளான விடிஆர்எல், ஆர்பிஆர் இரண்டும் கிருமியைத் தேடுவதே இல்லை. செல்கள் சேதமாகும்போது வெளிப்படும் கொழுப்புப் பொருளுக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளைத்தான் பார்க்கின்றன. அதனால் சிபிலிஸே இல்லாத கர்ப்பிணிக்கும் சில சமயம் பாசிட்டிவ் வரும். கிருமிக்கே எதிரான எதிர்ப்பொருளைப் பார்க்கும் இன்னொரு வகை உண்டு, ஆனால் அது நோய் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவ்தான். ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மருந்து பழையது: பென்சத்தீன் பென்சிலின், 24 லட்சம் யூனிட், தசையில் போடும் ஊசி, நன்றாகவே வலிக்கும். ஆரம்ப நிலை என்றால் ஒன்று, எப்போது தொற்றியது என்று தெரியாவிட்டால் வாரத்துக்கு ஒன்றாக மூன்று. இந்த மருந்தும் நஞ்சுக்கொடியைத் தாண்டும் என்பதால் குழந்தைக்கும் சேர்த்தே சிகிச்சை நடக்கிறது, ஆனால் பிரசவத்துக்கு 30 நாளாவது முன்னால் போட்டிருந்தால்தான் நம்பலாம். பென்சிலின் ஒவ்வாமை இருக்கும் கர்ப்பிணிக்குக்கூட வேறு மருந்துக்கு மாற மாட்டார்கள்; மருத்துவமனையில் வைத்து, துளித்துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்கிவிட்டு அதையேதான் போடுவார்கள்.

என்னைக் கேட்டால், இதில் பெரிய ஓட்டை ‘ரிசல்ட்டை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோங்க’ என்பதுதான். போனவர் திரும்பி வராமலே போகலாம். விரல் நுனி ரத்தத்தில் சுமார் 20 நிமிடத்தில் முடிவு சொல்லும் துரித டெஸ்ட் இருக்கும்போது, அங்கேயே பார்த்து அன்றைக்கே ஊசியும் போட்டுவிடலாம். கியூபா 2015-ல் தாயிடமிருந்து குழந்தைக்கு ஹெச்ஐவியும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் வாங்கியதே, அங்கேயும் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே டெஸ்ட், உடனே சிகிச்சை என்பதுதான் வழி.

அப்புறம் கணவர். அவரும் ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் திரும்பவும் தொற்றும், குணமாகிவிட்டது என்று நினைத்திருக்கும்போதே. தொற்ற வாய்ப்பு அதிகம் என்றால் ஏழாம் மாதத்தில் ஒரு தடவை, பிரசவத்தின்போது ஒரு தடவை என்று மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.