முதல் தப்புக்குச் சூட்டும் பட்டம்

ஒன்பதாம் வகுப்புப் பையனின் புத்தகப் பையில், உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலையான ‘கூல் லிப்’ பொட்டலம் சிக்குகிறது. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவனை முன்னால் நிறுத்துகிறார்கள். அம்மாவை வரவழைத்து எல்லா ஆசிரியர்களும் இருக்கும்போதே பேசுகிறார்கள். ஒரு வாரம் கழித்து, “டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க.” பொட்டலத்தைவிட அதற்குப் பின்னால் நடந்த இந்த மூன்றும்தான் அவனுக்கு அதிகக் கெடுதல் செய்யும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் லெமர்ட் 1951-இல் பிறழ்நடத்தையை, அதாவது ஊர் ஒழுங்கை மீறும் நடத்தையை, இரண்டாகப் பிரித்துக் காட்டினார். கூட்டாளி கொடுத்தான், என்னதான் இருக்கிறது பார்க்கலாம் என்று செய்வது முதல் வகை. செய்தவன் தன்னைக் கெட்டவனாக நினைப்பதில்லை. ஊர் “நீ இப்படிப்பட்டவன்” என்று முடிவு கட்டியபின், சரி, அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்று செய்வது இரண்டாம் வகை. முதல் வகையில் அனேகமாக எல்லோரும் ஒருமுறையாவது கால் வைத்திருப்போம். இரண்டாவதற்குத் தள்ளிவிடுவது பெரும்பாலும் பெரியவர்களின் அவசரம்.

தள்ளும் விதம் எளிது. ‘தறுதலை’ என்று பெயர் விழுந்ததும், “அவன்கூடச் சேராதே” என்று மற்ற வீடுகளில் தடை வரும். மிச்சமிருப்பது ஏற்கெனவே அதே பெயர் வாங்கியவர்களின் கூட்டம் மட்டுமே. அங்கே அவனுக்கு மரியாதை கிடைக்கிறது, ‘கெத்து’ கிடைக்கிறது. வேறெங்கும் கிடைக்காததை அங்கே போய் வாங்கிக்கொள்கிறான்.

கூட்டத்துக்குப் பணிவதை உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் சோதித்தார். மூன்று கோடுகளில் எது மாதிரிக் கோட்டின் அளவுக்குச் சமம் என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் முன்பே சொல்லிவைத்த ஆட்கள் ஒரே குரலில் தப்பாகச் சொன்ன சுற்றுகளில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்கள் அவர்கள் பக்கம் சாய்ந்தன. தப்பாகச் சொல்ல மூன்று பேர் இருந்தாலே போதுமானதாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் பணிவு வெகுவாகக் குறைந்தது. பள்ளிக்கூடத்துக்கு இதைவிடப் பயனுள்ள முடிவு இல்லை. கூட்டத்தை உடைக்க மெனக்கெட வேண்டாம். அதில் தயங்கி நிற்கும் இன்னொரு பையனைக் கண்டுபிடித்து இருவரையும் கபடி அணியிலோ ஆய்வக வேலையிலோ ஒன்றாகப் போடுங்கள்.

சேர்வராயன் மலைப் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான். ஏற்காட்டுக் கிராமங்களிலிருந்து சேலம் விடுதிக்கு இறங்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளை, “நீ கேரளாவா?” என்று கேட்டு வகுப்பு சிரிக்கும். அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுகிறவர்கள். சிரிப்புக்குப் பயந்து பிள்ளை ஊர்ப் பேரைச் சொல்லாது, வீட்டுப் பேச்சை மறைக்கும், கேள்வி கேட்காது. ஆசிரியர் “அமைதியான பிள்ளை” என்று பாராட்டுவார். அளவுக்கு மீறிய இந்த அடக்கம் யார் கண்ணிலும் படுவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போன பிள்ளை திரும்பாதபோதுதான் தெரியும். ஒரே பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரை ஒரே பிரிவில் உட்கார வைத்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

பிள்ளைகள் அறிவுரையிலிருந்து கற்பது கொஞ்சம்தான். சேலத்தில் கொலுசு வேலை நடக்கும் வீடுகளில் வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, எடை போட்டு வாங்குவார்கள். சேதாரம்கூடக் கணக்கில் ஏறும். நேர்மையைப் பற்றி அங்கே யாரும் பாடம் எடுப்பதில்லை. தராசைப் பார்த்தே பிள்ளைக்குப் புரிந்துவிடும். மகனைப் பெட்டிக்கடைக்கு அனுப்பி பீடிக்கட்டு வாங்கி வரச் சொல்லும் அப்பாவும் அப்படித்தான் ஒரு பாடம் நடத்துகிறார்.

பட்டம் கட்டுவதை அரசே செய்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு சேலம் மாவட்டத்தின் பெயரே சாட்சி. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. உப்பும் தானியமும் பொதி ஏற்றி விற்றுவந்த குறவர்கள், ரயிலும் அரசின் உப்புக் கொள்கையும் பிழைப்பைக் கெடுத்தபின், பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆனார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும், நாடு முழுக்க 1952-இலும் சட்டம் ஒழிந்தது. ஆனாலும் அந்தச் சட்டத்திலிருந்து விடுபட்ட சமூகங்களான சீர்மரபினரின் தமிழ்நாட்டுப் பட்டியலில் ‘சேலம் மேல்நாடு குறவர்’, ‘சேலம் உப்புக் குறவர்’ என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன. எங்காவது திருட்டு நடந்தால் முதலில் அவர்கள் வாழும் தெருவைப் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது. சொல்லிவைத்தாற்போல் அங்கேயே தேடினால், கிடைப்பதும் அங்கேயேதான் கிடைக்கும்.

பொட்டலம் சிக்கிய அன்று என்ன செய்யலாம்? தனியறையில், அவன் நம்பும் ஓர் ஆசிரியர் மட்டும் பேச வேண்டும். “ஏன் செஞ்சே?” என்று கேட்டால் பொய்தான் வரும். “எப்போ ஆரம்பிச்சே, யார் கொடுத்தா, ஒரு நாளைக்கு எத்தனை?” என்று கேளுங்கள். செய்ததைப் பற்றி மட்டும் பேச வேண்டும். குணத்தையும் சாதியையும் அப்பாவின் குடியையும் இழுக்கக் கூடாது. நிக்கோடினை விட்ட முதல் சில நாள் எரிச்சலும் கவனச் சிதறலும் உச்சத்தில் இருக்கும், சில வாரங்களில் தணியும். அந்த எரிச்சலைத் திமிர் என்று படித்து மறுபடி தண்டிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. புகையிலையை விட உதவும் இலவச எண் 1800-11-2356. பெற்றோரைக் கூப்பிடுங்கள், ஆனால் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.

எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு பிள்ளையை வெளியேற்றக் கல்வி உரிமைச் சட்டம் 2009 இடம் தராது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதால் டி.சி. எளிதாகக் கைக்கு வருகிறது. பள்ளியை விட்டு அனுப்பினால் அவனுக்கு மிஞ்சும் ஒரே வகுப்பறை அந்தக் கூட்டம்தான்.

விஷயம் போலீஸ்வரை போனால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பொருந்தும். 18 வயது நிரம்பாத ஒருவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அவன் பெயர், படம், பள்ளிப் பெயர் எதையும் வெளியிடக் கூடாது. தெரு வாட்ஸ்அப் குழுவில் சிசிடிவி காட்சியைப் பகிர்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்: ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம் அல்லது இரண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

விற்ற கடையை மறந்துவிடாதீர்கள். குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் அதே சட்டத்தின் 77-ஆம் பிரிவில் ஏழாண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம்வரை அபராதம். காவல் நிலையத்திலோ உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம். கடையின் இடமும் விற்கும் நேரமும் எழுதினால் போதும்; பையனின் பெயரை அந்த மனுவில் எழுத வேண்டியதில்லை.