ஸ்கேன் செய்ததும் நகர்வது பணமா?

கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து 20 ரூபாய் அனுப்புகிறோம். சில விநாடிகளில் கல்லாப் பக்கத்திலிருக்கும் ஸ்பீக்கர் பெட்டி, பணம் வந்துவிட்டதாக அறிவிக்கிறது. ஆனால் அந்த நொடியில் வங்கிகளுக்கிடையே பணம் கைமாறியிருக்காது. ஓடியதெல்லாம் செய்திகள்தான்.

நம் போனிலிருந்து கிளம்பும் கோரிக்கை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐயின் கணினிகளுக்குப் போகிறது. அது நம் வங்கியைக் கேட்கிறது. வங்கி பின் நம்பரையும் இருப்பையும் சரிபார்த்து, நம் கணக்கில் 20 ரூபாயைக் கழிக்கிறது. அப்புறம் கடைக்காரரின் வங்கிக்குத் தகவல் போய், அவர் கணக்கில் 20 ரூபாய் கூடுகிறது. வங்கிகள் தங்களுக்குள் பிற்பாடு, ஒரு நாளில் பல தடவை, ரிசர்வ் வங்கியில் வைத்திருக்கும் கணக்குகள் வழியாக நேர் செய்துகொள்கின்றன. ஒரு வங்கி இன்னொன்றுக்கு 100 கோடி தர வேண்டும், அங்கிருந்து 90 கோடி வர வேண்டும் என்றால், 10 கோடி மட்டும் கைமாறும்.

சரி, கணக்கில் இருப்பது என்ன? வங்கி நமக்குத் தர வேண்டிய கடன். அந்த வங்கி மூழ்கினால் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு உண்டு. கையிலிருக்கும் 100 ரூபாய் நோட்டு அப்படியல்ல. அதில் ரிசர்வ் வங்கி கவர்னரே கையெழுத்திட்டு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

அந்த வாக்கை அப்படியே போனுக்குள் கொண்டுவருவதுதான் டிஜிட்டல் ரூபாய். 2022இல் சட்டத்தைத் திருத்தி, டிஜிட்டல் வடிவத்தில் இருந்தாலும் அது நோட்டுதான் என்று ஆக்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று பொதுமக்களுக்கான சோதனை தொடங்கியது. நோட்டும் சில்லறையும் போலவே இதிலும் தனித்தனி மதிப்புகள் உண்டு. ஒருவர் போனிலிருக்கும் வாலட்டிலிருந்து, அதாவது டிஜிட்டல் பணப்பையிலிருந்து, இன்னொருவர் வாலட்டுக்குப் போகும்போது வங்கிக் கணக்கு எதுவும் குறுக்கே வருவதில்லை.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் வேகமாகப் பரப்பவில்லை? நாம் 1,000 ரூபாயை டிஜிட்டல் ரூபாயாக மாற்றினால், வங்கியிடமிருந்து அந்த வைப்புத்தொகை போய்விடுகிறது. வீட்டுக் கடனுக்கும் தொழில் கடனுக்கும் வங்கிகள் பெரிதும் நம்பியிருப்பது மக்களின் வைப்புத்தொகையைத்தான். அதைவிட எனக்குப் பெரிதாகப் படும் ஆபத்து வேறு. ஒரு வங்கியைப் பற்றி வதந்தி கிளம்பினால், முன்பெல்லாம் வாசலில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது; அந்தத் தாமதமே வங்கிக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் தந்தது. போனில் இரண்டு தட்டு தட்டினால் போதும் என்றால் அந்த இடமும் இருக்காது. டிஜிட்டல் ரூபாய்க்கு வட்டி கிடையாது என்று வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிதானமாகப் போவதே சரி என்பேன்.

இணையமில்லாத மலைக்கிராமத்திலும் டிஜிட்டல் ரூபாய் செல்லுபடியாக வேண்டும் என்பதுதான் என் ஆசை. அங்கே சிக்கல் ஒன்றுதான்: ஒரே டிஜிட்டல் நோட்டை ஒருவர் இரண்டு பேரிடம் கொடுத்துவிடக் கூடாது. இணையம் இருந்தால் மையக் கணினி கண்டுபிடித்துவிடும். இல்லாத இடத்தில் அந்தக் காவல் வேலையைக் கையிலிருக்கும் கருவியே செய்தாக வேண்டும்.