ஐஸில் ஒரு கோடா, இரண்டு கோடா?

"பிள்ளை எப்போது ஜம்ப் பண்ணுவாள்?" டொராண்டோவில் ஃபிகர் ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கும் என்னிடம், சேர்த்து மூன்று வாரம் ஆவதற்குள் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. நான் பிள்ளை சறுக்கிய தடத்தைக் காட்டுவேன்.

பிளேடின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுக்குள் நீளவாக்கில் ஒரு பள்ளம். அதன் இருபுறமும் உள் விளிம்பு, வெளி விளிம்பு. இதைத்தான் எட்ஜ் என்கிறோம். விறைப்பாக நேரே போனால் நெருக்கமாக இரண்டு கோடுகள் விழும். முழங்காலை மடக்கி உடம்போடு சாய்ந்தால் வளைந்த ஒரே கோடு விழும். அந்த ஒரு கோட்டுக்காகத்தான் முதல் மாதங்கள் முழுக்கப் பாடுபடுகிறோம்.

உள் எட்ஜ் சீக்கிரம் வந்துவிடும். வெளி எட்ஜில்தான் பயம். சுண்டுவிரல் பக்கம் சாயும்போது, விழுந்தால் தாங்க அந்தப் பக்கம் இன்னொரு கால் இல்லையே! அதனால் ஐஸில் ஹாக்கிக்காக வரைந்திருக்கும் வட்டத்தின் நடுவில் நான் நின்று, பிள்ளையின் கையைப் பிடித்தபடி சுற்றிவரச் செய்கிறேன். பிடி தளரத் தளர, சாய்வு தானாக வரும். காதுக்கும் வேலை உண்டு. 'கரக் கரக்' என்று கேட்டால் பிளேடின் முன்முனையில் இருக்கும் பற்களால் தள்ளுகிறாள் என்று அர்த்தம். பிளேடின் பக்கத்தால் தள்ளினால் சத்தம் அடங்கிவிடும்.

இதைப் பழகாமலே ஜம்ப்புக்குப் போனால் என்ன? லுட்ஸ் என்ற ஜம்ப், பின்னோக்கிச் சறுக்கியபடி வெளி எட்ஜிலிருந்து எழ வேண்டும். அந்த எட்ஜ் பழகாத பிள்ளை, குதிக்கும் நொடியில் உள் எட்ஜுக்கு உருண்டுவிடுவாள். நடுவர்கள் மதிப்பெண் குறைப்பார்கள். ஊறிப்போன அந்தப் பழக்கத்தை மாற்றப் பதின்ம வயதுப் பிள்ளைகள் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

1990 வரை உலகச் சாம்பியன்ஷிப்பில் ஐஸில் வட்டங்கள் வரைவதற்கே தனிச் சுற்று இருந்தது. அது போனபின், எட்ஜுக்கு நேரம் ஒதுக்கும் பொறுப்பு முழுக்க எங்கள் தலையில். 2011 முதல் 2013 வரை மூன்று முறை உலகச் சாம்பியனான கனடா வீரர் பேட்ரிக் சானைப் பாருங்கள். சிறுவயதில் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஆஸ்போர்ன் கோல்சன், எட்ஜ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவர். சான் சறுக்கும்போது அது அப்படியே தெரியும்.

அப்புறம், பூட். வளரும் பிள்ளை என்று பெரிய அளவில் வாங்காதீர்கள். உள்ளே கால் மட்டும் சாயும், பிளேடு சாயாது. புது பிளேடையும் சாணை பிடித்த பிறகே ஐஸில் இறக்குங்கள். வாங்கும் முன் உங்கள் கோச்சிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.