வைஃபை இருக்கிறது, தளம் திறக்கவில்லை

அலுவலகத்தில் ஒழுங்காக ஓடிய உபுண்டு லினக்ஸ் லேப்டாப்பை வீட்டில் திறந்தால், வைஃபை சேர்ந்துவிட்டது என்கிறது. ஆனால் ஒரு தளமும் வரவில்லை. 8.8.8.8 என்று கூகுள் சர்வரின் எண்ணைக் கொடுத்து, மறுமுனை பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையை ஓட்டினால் பதில் வருகிறது. பெயரைக் கொடுத்தால் பேச்சே இல்லை. ஒரு மாலை முழுக்க மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டேன். பாவம், அதன் மேல் ஒரு தப்பும் இல்லை.

தளத்தின் பெயரை ஐபி எண்ணாக்கித் தருவது டிஎன்எஸ் சர்வர். எந்தச் சர்வரிடம் கேட்பது என்பதை லினக்ஸ் ரிசால்வ்.கான்ஃப் என்ற சின்னக் கோப்பில் பார்த்துக்கொள்ளும். அதிகபட்சம் 3 சர்வர்கள். ஒன்று பதில் சொல்லாவிட்டால் வழக்கமாக 5 நொடி காத்திருந்து அடுத்ததிடம் போகும். என் கோப்பில் இருந்தது ஒன்றே ஒன்று, 10 என்று தொடங்கும் அலுவலக உள்முகவரி. வீட்டு வலையில் அந்த முகவரியில் யாருமே இல்லை.

புது வலையில் சேரும்போது ஐபி முகவரியோடு டிஎன்எஸ் சர்வரின் முகவரியையும் ரவுட்டரே, முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி முறை வழியாகத் தந்துவிடும். சிக்கல், அதைக் கோப்பில் எழுதுவது யார் என்பதில்தான். வைஃபையைக் கவனிக்கும் நிரல் ஒன்று எழுதும். வெளியிலிருந்து அலுவலக வலைக்குள் நுழைய உதவும் விபிஎன் வந்து அதை அழித்துத் தன்னுடையதை எழுதும். போதாததற்கு, ஓடிக்கொண்டிருக்கும் பிரௌசர் கோப்பு மாறியதையே கவனிக்காமல் பழைய சர்வரையே கேட்டுக்கொண்டிருப்பதும் முன்பு உண்டு. கோப்பு மாறினால் தானாகவே மறுபடி படிக்கும் வசதி, நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சிக்கு 2017-இல்தான் வந்தது.

உபுண்டுவில் டிஎன்எஸ் வேலையைக் கவனிக்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற நிரல் இந்த அடிதடியைச் சாமர்த்தியமாகத் தவிர்க்கிறது. கோப்பில் 127.0.0.53 என்று மட்டும் இருக்கும். அது கணினி தனக்குத் தானே பேசிக்கொள்ளும் முகவரி. எந்த ஊருக்குப் போனாலும் மாறாது. நிரல்கள் எல்லாம் அங்கேதான் கேட்கும். வைஃபைக்கு இந்தச் சர்வர், விபிஎன்னுக்கு அந்தச் சர்வர் என்ற கணக்கு ரிசால்வ்டின் கையில். அலுவலகப் பெயர்களை விபிஎன் பக்கமும் மற்றதை வீட்டு ரவுட்டர் பக்கமும் பிரித்து அனுப்பவும் அதற்குத் தெரியும்.

சரி, என் லேப்டாப்பில் ஏன் இது நடக்கவில்லை? உபுண்டுவில் ரிசால்வ்.கான்ஃப் உண்மையில் கோப்பல்ல, ரிசால்வ்டின் கோப்பைக் காட்டும் ஒரு சுட்டி. என்றைக்கோ அவசரத்தில் அதை அழித்து, அலுவலக முகவரியைக் கையால் எழுதி, யாரும் தொடக்கூடாதென்று பூட்டும் போட்டது நான்தான். பூட்டை எடுத்துச் சுட்டியைத் திரும்ப வைத்தேன். அடுத்த நொடியே தளம் திறந்தது.